"சட்டப்படி காப்புறுதி எடுத்துவிட்டேன்!" — அமெரிக்காவிற் கார் ஓட்டுவோர் அறியவேண்டியவை

மேற்படிப்பின் பொருட்டு அமெரிக்கா சென்ற பிள்ளையிடமிருந்து ஒரு நாள் செய்தி வருகின்றது: "பழைய கார் ஒன்று வாங்கிவிட்டேன். சட்டப்படி காப்புறுதியும் எடுத்துவிட்டேன். ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்." வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தந்தையார் காரின் விலையை ரூபாயிற் கணக்கிட்டுப் பெருமூச்சு விடுகின்றார். தாயார், "மெதுவாக ஓட்டு, ராசா" என்று மறுமொழி அனுப்புகின்றார். ஆனால், அச்செய்தியிலுள்ள 'சட்டப்படி' என்னும் சொல்லை எவரும் நின்று கவனிப்பதில்லை.

எந்தச் சட்டம்? அது எவ்வளவு கேட்கின்றது? யாருடைய நன்மைக்காகக் கேட்கின்றது? இன்று எமது வாசகர் பலருக்கு அந்நாட்டில் ஒரு மகனோ, மருமகளோ, பேரப்பிள்ளையோ இருத்தல் புதுமையன்று. பெருநகரங்கள் சிலவற்றை ஒழித்தால், அங்கே கார் இன்றிக் கடைக்குப் போதலும் அரிது. ஆதலின், கார் ஓட்டுவோர் மீது அந்நாட்டு மாநிலங்கள் சுமத்தியுள்ள காப்புறுதிக் கடமை எதனைக் காக்கின்றது, எதனைக் காவாது விடுகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

ஒரு நாடு, பல சட்டங்கள்

எமது இலங்கையில் இவ்விடயம் எளிது. மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் தீவு முழுவதற்கும் ஒன்றே. பருத்தித்துறையில் ஓடும் காருக்கும் மாத்தறையில் ஓடும் காருக்கும் விதி ஒன்றுதான். மூன்றாந்தரப்புக் காப்புறுதிச் சான்றிதழைக் காட்டாமல் ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரத்தைப் பெறமுடியாது. இப்பழக்கத்தோடு அமெரிக்கா செல்பவருக்கு அங்குள்ள முறை வியப்பையே தரும். ஏனெனில், தனியார் காருக்கு எவ்வளவு காப்புறுதி வேண்டும் என்று நாடு முழுவதற்குமாகக் கூறும் சட்டம் அங்கே இல்லை. ஐம்பது மாநிலங்களும் தலைநகர்ப் பகுதியும் தத்தமக்கென விதி வகுத்துள்ளன.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. காப்புறுதி ஒப்பந்தம் மாநிலங்களுக்கிடையே நடைபெறும் வர்த்தகம் ஆகாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1869 ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. அதனாற் காப்புறுதியை ஆளும் உரிமை மாநிலங்களிடமே தங்கிற்று. 1944 இல் அதே நீதிமன்றம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. ஆயின், மறு ஆண்டே, அஃதாவது 1945 இல், அந்நாட்டுப் பாராளுமன்றமாகிய காங்கிரஸ் 'மக்கரன்—பெர்கசன்' சட்டத்தை நிறைவேற்றி, அவ்வுரிமையை மீண்டும் மாநிலங்களிடமே ஒப்படைத்தது. இன்று கலிபோர்னியாவில் ஒரு விதியும் நியூயோர்க்கில் வேறொரு விதியும் நிலவுதற்கு இதுவே காரணம்.

வெறுங் கடதாசியான தீர்ப்பு

மோட்டார் வண்டி வீதிக்கு வந்த ஆரம்ப காலத்திற் காப்புறுதி எடுப்பது அவரவர் விருப்பமாகவே இருந்தது. ஒரு குடும்பத்தைத் தாங்கிய உழைப்பாளி வண்டியில் அடிபட்டு மாண்டால், குற்றமிழைத்த சாரதி மீது வழக்குத் தொடரலாம், வெல்லவும் செய்யலாம். ஆனால், அச்சாரதியிடம் பணமில்லாவிடின் அத்தீர்ப்பு வெறுங் கடதாசியே. விதவையும் பிள்ளைகளும் அதனை வைத்துக்கொண்டு என்ன செய்வர்?

இக்குறையைத் தீர்க்க முதலில் முயன்ற மாநிலங்களுள் ஒன்று கொனெக்டிக்கட். 1925 இல் அது இயற்றிய சட்டத்தின்படி, விபத்துக்குள்ளான சாரதி இனிமேல் நேரக்கூடிய நட்டத்தைச் செலுத்தத் தனக்கு வலுவுண்டு என்று காட்டல் வேண்டும். இதிலுள்ள ஓட்டை வெளிப்படை. முதல் விபத்தில் அடிபட்டவருக்கு அச்சட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

அயல் மாநிலமாகிய மசச்சூசெற்ஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றது. காப்புறுதி இருந்தாலன்றி வண்டியைப் பதியவே இயலாது என்று அதுவும் 1925 இலே சட்டமியற்றி, 1927 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அம்மாநிலம் இவ்விடயத்தில் தன்னந்தனியாகவே நின்றது. 1956 இல் நியூயோர்க்கும், 1957 இல் வட கரோலினாவும் அதனைப் பின்பற்றிச் சட்டமியற்றின. ஏனையவை பிற்பாடு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மட்டும் எல்லாச் சாரதிகளும் காப்புறுதி எடுத்தேயாக வேண்டுமென்று கட்டாயப்படுத்துவதில்லை. அதனால் அங்குள்ளோர் பொறுப்பிலிருந்து தப்பினர் என்று எண்ணலாகாது. விபத்து நேர்ந்தால் நட்டஈடு செலுத்தும் கடமை அவர்களுக்கும் உண்டு. வேர்ஜீனியாவில் 500 டொலர் கட்டணம் செலுத்திவிட்டுக் காப்புறுதியின்றி ஓட்டும் வழியொன்று இருந்தது. அந்த 500 டொலர் அரசாங்கத்துக்குச் சென்றதேயன்றி ஒரு சதமேனும் காப்புறுதி ஆகவில்லை. 2024 ஜூலை முதலாந் திகதியுடன் அவ்வழியும் அடைபட்டது.

மூன்று எண்களின் பொருள்

அமெரிக்கக் காப்புறுதிப் பத்திரத்தைக் கையில் எடுத்ததும் கண்ணிற்படுவன மூன்று எண்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் கேட்கும் குறைந்த அளவு 30/60/15 என்று எழுதப்படும். ஒவ்வொன்றையும் ஆயிரத்தாற் பெருக்கிக்கொள்க.

முதலாம் எண், எமது தவறினாற் காயமுற்ற அல்லது மாண்ட ஒருவருக்குக் காப்புறுதி நிறுவனம் செலுத்தும் உச்சத் தொகை. அது 30,000 டொலர். இரண்டாம் எண், ஒரே விபத்தில் எத்தனை பேர் காயமுற்றாலும் அனைவருக்குமாகச் சேர்த்துச் செலுத்தும் உச்சத் தொகை. அது 60,000 டொலர். மூன்றாம் எண், பிறருடைய கார், மதில், விளக்குக்கம்பம் முதலிய உடைமைகளுக்கு நேர்ந்த சேதத்துக்கு உரியது. அது 15,000 டொலர்.

மாநிலந்தோறும் இவ்வெண்கள் வேறுபடும். டெக்சாஸ் 30/60/25 என்று வைத்துள்ளது. அலாஸ்காவும் மேயினும் 50/100/25 என்று கேட்கின்றன. பென்சில்வேனியாவோ நெடுங்காலமாக 15/30/5 என்ற அளவிலேயே நின்றுவிட்டது. வேர்ஜீனியா 2025 ஜனவரியில் 50/100/25 ஆக உயர்த்தியது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இம்மூன்று எண்களும் பிறரைப் பற்றியனவே. ஓட்டியவரின் சொந்தக் காரைத் திருத்த இவற்றிலிருந்து ஒரு சதமும் கிடையாது. அவருடைய சொந்தக் காயத்துக்கும் இவை உதவா. மோதலிலே தன் காருக்கு நேர்ந்த சேதத்துக்கு ஒரு காப்புறுதியும், களவு, தீ, வெள்ளம், மரம் முறிந்து விழுதல் போன்றவற்றுக்கு இன்னொன்றும் தனித்தனியே எடுத்தல் வேண்டும். கடன்பட்டுக் கார் வாங்கினால், கடன் கொடுத்தவர் இவ்விரண்டையும் வற்புறுத்துவர். அது மாநிலச் சட்டத்தின் கட்டளையன்று. இவற்றையெல்லாம் சேர்த்து 'முழுக் காப்புறுதி' என்று பேச்சிற் கூறுவதுண்டு. அச்சொல்லைக் கேட்டு, முதல் மூன்று எண்களும் பெரியன என்று நம்பிவிடலாகாது. முழுக் காப்புறுதி எடுத்தும் அவ்வெண்கள் சட்டத்தின் குறைந்த அளவிலேயே இருத்தல் கூடும்.

ஒரு கணக்கு

இனி, எண்ணளவில் ஓர் உதாரணம் பார்ப்போம். கலிபோர்னியாவில் ஒரு மாணவன் சிவப்பு விளக்கைக் கவனியாது சந்தியைக் கடந்து, மூவர் சென்ற காரொன்றில் மோதிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பலத்த காயம். அவருக்குரிய நட்டஈடு 80,000 டொலர். ஏனைய இருவருக்கும் தலைக்கு 20,000 டொலர். அவர்களுடைய கார் முற்றாக அழிந்தது. அதன் பெறுமதி 28,000 டொலர். மொத்த நட்டம் 1,48,000 டொலர்.

மாணவனிடமிருப்பது சட்டம் கேட்ட 30/60/15 மட்டுமே. காயங்களுக்கு நிறுவனம் செலுத்தும் உச்சம் 60,000 டொலர். காருக்கு 15,000 டொலர். ஆக 75,000 டொலர். எஞ்சிய 73,000 டொலருக்கு யார் பொறுப்பு? மாணவனே. இவ்விபத்து 2024 இல் நேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது அம்மாநிலத்தின் அளவு 15/30/5 ஆகவே இருந்தது. நிறுவனம் 35,000 டொலரோடு நின்றுவிட, 1,13,000 டொலர் அவன் தலையில் விழுந்திருக்கும்.

"படிக்கின்ற பிள்ளையிடம் என்ன இருக்கின்றது, எடுத்துக்கொள்வதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இன்று ஒன்றுமில்லாதிருக்கலாம். ஆனால், நீதிமன்றத் தீர்ப்பு பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். நாளை அவன் பட்டம் பெற்று வேலைக்குச் சென்றதும் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்தெடுக்க அதனால் இயலும். தீர்ப்புப் பணம் செலுத்தப்படாவிடின் சாரதி அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைக்கும் மாநிலங்களும் உண்டு. அவன் பக்கத்தை மட்டும் பார்த்தலும் நீதியன்று. பலத்த காயமுற்றவரின் பக்கமிருந்து நோக்கினால், அவருக்கு உரிய 80,000 டொலரிற் பாதியேனும் கைக்கு வாராது போகலாம்.

ஆயினும், குறைந்த அளவுக் காப்புறுதியும் பயனற்றதென்று கூறோம். வழக்கு வந்தால் சட்டத்தரணியை அமர்த்தி வாதாடும் பொறுப்பையும் பொதுவாக நிறுவனமே ஏற்கின்றது. அச்செலவு சிறிதன்று.

ஏன் உயர்த்தவில்லை?

கலிபோர்னியாவின் பழைய அளவு 1967 முதல் 2024 இறுதிவரை மாறாதிருந்தது. அத்தனை ஆண்டுகளில் வைத்தியச் செலவும் காரின் விலையும் எங்கோ போய்விட்டன. 2022 இல் நிறைவேறிய சட்டமே இன்றைய உயர்வைக் கொணர்ந்தது. 2035 இல் அது 50/100/25 ஆக மேலும் உயரும்.

இத்தாமதத்தைச் சட்டசபையோரின் சோம்பல் என்று தள்ளிவிடல் எளிது. ஆனால் மறுபக்கமும் ஒன்றுண்டு. அளவை உயர்த்தினாற் கட்டுப்பணமும் உயரும். கட்டுப்பணம் உயர்ந்தால், காரின்றி வேலைக்குப் போகமுடியாத ஏழைத் தொழிலாளி காப்புறுதியைக் கைவிட்டு ஓட்டத் துணிவான். அப்போது அவனால் அடிபடுபவருக்கு 30,000 டொலரும் இல்லை, 15,000 டொலரும் இல்லை. இதனை உணர்ந்தே கலிபோர்னியா 1999 இல் வருமானங் குறைந்தோருக்கெனத் தனித் திட்டமொன்றை வகுத்தது. அதன் அளவு 10/20/3 மட்டுமே. ஆகவே, சட்டம் கூறும் எண் ஒரு விபத்தின் உண்மையான நட்டத்தை அளந்து கூறியதன்று. அடிபடுவோரின் தேவைக்கும் ஓட்டுவோரின் கைப்பணத்துக்கும் இடையே செய்துகொண்ட ஒரு சமரசம் அது. வீட்டுக்கு அத்திவாரம் போன்றதேயன்றிக் கூரையன்று.

குற்றம் யாருடையது என்று கேளாத முறை

இதுவரை நாம் கூறியது, தவறு யாருடையதோ அவரே பொறுப்பு என்னும் முறையை. இதிற் குற்றத்தை நிலைநாட்டுமட்டும் அடிபட்டவர் காத்திருத்தல் வேண்டும். இதற்கு மாற்றாக, அவரவர் காயத்துக்கு அவரவர் நிறுவனமே உடனடியாகப் பணஞ் செலுத்தட்டும் என்னும் திட்டமொன்றை கீற்றன், ஓகொனல் என்னும் இரு சட்டப் பேராசிரியர்கள் 1965 இல் நூலாக எழுதினர். கட்டாயக் காப்புறுதிக்கு முன்னின்ற மசச்சூசெற்ஸ் மாநிலமே இதற்கும் முன்னின்றது. 1971 இல் அங்கே அது நடைமுறைக்கு வந்தது. இன்று சுமார் ஒரு டசின் மாநிலங்களில் இம்முறை ஏதோவொரு வடிவில் உண்டு.

நியூயோர்க்கில், 25/50/10 என்னும் எண்களோடு, காரில் இருந்தோரின் வைத்தியச் செலவு, இழந்த சம்பளம் முதலியவற்றுக்காக ஆளொருவருக்கு 50,000 டொலர் அளவிலான பாதுகாப்பையும் சட்டம் கேட்கின்றது. மிச்சிகன் மாநிலத்தில் 1973 முதல் வாழ்நாள் முழுவதற்கும் எல்லையற்ற வைத்தியப் பாதுகாப்பு இருந்தது. கட்டுப்பணம் மிக உயர்ந்ததனால், 2019 இற் சட்டம் திருத்தப்பட்டு, குறைந்த அளவைத் தெரிந்துகொள்ளும் வசதி 2020 முதல் அளிக்கப்பட்டது. புளோரிடாவில் 2012 இற் செய்யப்பட்ட திருத்தமொன்று, விபத்து நேர்ந்து 14 நாட்களுக்குள் வைத்திய உதவியை நாடவேண்டுமென்று விதித்தது. "சிறு நோவுதானே, பார்ப்போம்" என்று நாட்கடத்துவோர் இவ்வாறான தவணைகளை அறிதல் நன்று.

எதிரே வருபவரிடம் இல்லாவிடின்?

எல்லோரும் சட்டத்துக்குப் பணிந்து நடப்பாராயின் கவலையில்லை. ஆனால் அமெரிக்கக் காப்புறுதி ஆராய்ச்சி அமைப்பொன்றின் கணிப்பின்படி, 2019 இல் அந்நாட்டுச் சாரதிகளில் எட்டில் ஒருவர் காப்புறுதி இன்றியே ஓட்டினர். அத்தகையவர் எம்மீது மோதினால் நட்டஈட்டை யாரிடம் கேட்பது? இதற்கெனவே 'காப்புறுதியற்ற சாரதி' பாதுகாப்பு என ஒன்றுண்டு. எதிர்த்தரப்பினர் செலுத்தவேண்டிய காயநட்டத்தை எமது நிறுவனமே செலுத்தும். நியூயோர்க் போன்ற சில மாநிலங்கள் இதனைக் கட்டாயமாக்கியுள்ளன. வேறு பலவற்றிலே, வேண்டாமென்று ஒப்பமிட்டு நீக்கிவிடலாம். சில டொலர்களை மீதப்படுத்தும் ஆசையில் அவ்வாறு ஒப்பமிடுமுன் இருமுறை சிந்தித்தல் வேண்டும்.

காப்புறுதியின்றி ஓட்டிப் பிடிபடுவோருக்குத் தண்டப்பணம், பதிவு இடைநிறுத்தம் முதலியன காத்திருக்கின்றன. பின்னர் மீண்டும் ஓட்ட விரும்பினால், 'எஸ்.ஆர். 22' என்னும் உறுதிப்பத்திரத்தை நிறுவனத்தின் மூலம் மாநிலத்துக்குச் சமர்ப்பிக்கும்படி பல மாநிலங்கள் கேட்கும். கலிபோர்னியாவில் 1996 இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய விதியொன்றின்படி, காப்புறுதியற்ற சாரதி, தவறு மற்றவருடையதேயாயினும், தான் பட்ட வேதனைக்கென நட்டஈடு பெறுவதற்கு இடமில்லை.

மாணவர் மறப்பவை

விடுமுறைக்கு ஊர் வருமுன் செலவைக் குறைக்கக் காப்புறுதியை நிறுத்திவிட்டு வருவோர் உளர். நியூயோர்க்கில், காரின் இலக்கத்தகட்டைத் திருப்பி ஒப்படைத்த பின்னரே காப்புறுதியை நிறுத்துதல் வேண்டும். மாறிச் செய்தாற் பதிவு இடைநிறுத்தப்படும். அறைத்தோழன் அடிக்கடி அக்காரை ஓட்டுவானாயின், அவன் பெயரையும் நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். கட்டுப்பணம் குறைவான பகுதியிலுள்ள நண்பரின் விலாசத்தைத் தன் விலாசமாகக் கொடுத்தல், இலாபம் போலத் தோன்றி, விபத்து நாளிலே பத்திரத்தையே செல்லாததாக்கிவிடக் கூடும். சொந்தத் தேவைக்கான காப்புறுதியை வைத்துக்கொண்டு கூலிக்கு உணவுப் பொதி விநியோகித்தாலும் பெரும்பாலும் பாதுகாப்புக் கிடையாது.

வேறு மாநிலத்துக்கு உல்லாசப் பயணம் செல்வோர் அதிகம் அஞ்சவேண்டியதில்லை. அங்குள்ள குறைந்த அளவுக்கு ஏற்ப உயர்ந்துகொள்ளும் விதி வழக்கமான பத்திரங்களிற் காணப்படும். ஆனால் குடிபெயர்ந்துவிட்டாற் புதிய மாநிலத்தின் சட்டப்படி புதிதாக எடுத்தலே முறை. புதிதாகச் சென்றோருக்கு இன்னொரு செய்தி: அந்நாட்டிற் கடன்பட்டுத் திருப்பிய வரலாறு இல்லாதோரிடம் பல மாநிலங்களிற் கூடிய கட்டுப்பணம் கேட்பதுண்டு. கலிபோர்னியா, ஹவாய், மசச்சூசெற்ஸ் ஆகியவை காப்புறுதிக் கட்டணத்தை அவ்வாறு நிர்ணயிக்க இடந்தருவதில்லை. ஆகையால், நான்கைந்து நிறுவனங்களிடம் விலை கேட்டு ஒப்பிடாது முதலாவது பத்திரத்திலேயே ஒப்பமிடல் ஆகாது.

இவ்வாறு விலை கேட்கும்போது, சட்டத்தின் குறைந்த அளவுக்கு எவ்வளவு, 100/300 என்னும் அளவுக்கு எவ்வளவு என்று இரண்டையும் கேட்டல் வேண்டும். விபத்துகளிற் பெரும்பாலானவை சிறியனவாதலின், பாதுகாப்பு மும்மடங்காகும்போது கட்டுப்பணம் மும்மடங்காவதில்லை. அந்த வித்தியாசத்தைக் கண்ட பின்னரே எது தமக்கு இயலும் என்று தீர்மானித்தல் அறிவுடைமை.

மறுமொழியில் மூன்று கேள்விகள்

ஆகவே, பிள்ளையிடமிருந்து அச்செய்தி வரும்போது, "மெதுவாக ஓட்டு" என்பதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்து அனுப்புமாறு பெற்றோரை வேண்டுகின்றோம். உன் பத்திரத்திலுள்ள மூன்று எண்கள் எவை? காப்புறுதி இல்லாதவன் உன்மேல் மோதினால் உனக்கு என்ன கிடைக்கும்? உன் காரை வேறு யார் ஓட்டுகின்றார்கள்?

இவற்றுக்கு விடை கூற அவன் அப்பத்திரத்தை ஒருமுறை எடுத்து வாசித்தேயாகவேண்டும். வாசித்தானாயின், தன் கவனக்குறைவால் அறியாத ஒரு குடும்பத்துக்கு நேரக்கூடிய துன்பத்தின் அளவையும், அதனை ஈடுசெய்யத் தான் எவ்வளவு ஆயத்தமாயிருக்கின்றான் என்பதையும் ஒருங்கே அறிந்துகொள்வான். வெள்ளம் வருமுன் அணை கட்டவேண்டும் என்பர் எம் முன்னோர். அணை எவ்வளவு உயரம் என்பதையும் வெள்ளம் வருமுன்னரே அளந்து பார்த்துவிடுதல் நன்று.